மூன்றாவது பிழை

பேச்சுப் பயிற்சியாளர் கோப்பையின் படத்தைக் காட்டினார். சக்கர நாற்காலியில் இருந்தவர் அதைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார்.

சாவியின் படத்துக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. நாயின் படத்துக்கு அதுவும் கிடைக்கவில்லை.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. இன்றும் திறக்காவிடில் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"நான் கொஞ்சம் பேசிப் பாக்கட்டுமா?" என்று அவருடைய மனைவி கேட்டார்.

கணவர் ஆங்கில நாளிதழ் ஒன்றில் பிழை திருத்துபவர். சரியாக இருக்கும் எதைப் பற்றியும் அவர் வாழ்நாளில் பேசியதில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் கைகழுவிக்கொண்டு எழுந்து போய்விடுவார்; உப்புக் குறைந்தால்தான் வீட்டில் அவர் குரல் கேட்கும்.

மனைவி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். முதல் வாக்கியத்திலேயே வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். சொல்லி முடிக்கையில் அவர் முகம் சிவந்திருந்தது.

பயிற்சியாளர் படங்களை அடுக்குவதில் கவனம் செலுத்தினார்.

அடுத்து, பேனாவை இரவல் தரும்படி கேட்பதற்குப் பதில், ஆங்கிலச் சொல்லை மாற்றிப் போட்டு, இரவல் வாங்கும்படி கேட்டார். கணவரின் புருவம் ஏறியது.

மனைவி எழுதுபலகையை எடுத்தார். 'அவசியம்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்தை விழுங்கிவிட்டு, வேண்டாத ஓரெழுத்தை ஈடாகச் சேர்த்து எழுதிக் காட்டினார்.

கணவரின் இடக்கை உயர்ந்தது. அசையக்கூடிய கை அது ஒன்றுதான். விரல் பலகையைத் தொட்டது.

"தப்பு" என்றார்.

மனைவி பலகையை மடியில் வைத்துக்கொண்டார்.

பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உங்களுக்கு இங்கிலீஷ் சரியா வராததும் நல்லதாப் போச்சுக்கா. வீட்லயும் இப்படியே பேசி அவரை வெறுப்பேத்துங்க."

"ஆகட்டும்மா" என்றார் மனைவி. பல்கலைக்கழகத்தில் அவர் ஆங்கில இலக்கணம் நடத்தும் வகுப்பு தொடங்குவதற்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது.

அவருடைய ஆங்கிலத்தில் ஒரு பிழையாவது சிக்காதா என்று மணமான நாள் முதல் காத்திருந்த மனிதர், சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்ததற்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.