முதல் டம்ளர் பால்

பழக்கத்தில் பார்க்காமலே ஒரு மடக்கு குடித்த பிறகுதான் இவளுக்கு இனிப்பு தெரிந்தது.

காலை ஏழு மணிக்கு எதிர் வாழையிலைக் கடைச் சந்தனமாரி கொண்டுவந்து தருவது பால் விடாத வரக்காப்பி. பத்தொன்பது வருடமாக அதேதான். இவளுக்குச் சர்க்கரை வியாதி வந்த பிறகு அதில் சீனியும் கிடையாது.

இன்றைக்குப் பால். சீனியை அள்ளிப் போட்டிருந்தாள்.

"முதல் டம்ளர் ஒனக்குத்தான்க்கா" என்று நீட்டியபோது சந்தனமாரி இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

காய்ச்சிய பாலை வேண்டியவர்களுக்கு முதலில் கொடுப்பது வழக்கம்தான். புதுவீடு குடிபோனால் கொடுப்பார்கள். இல்லையென்றால், புதுக்கடைக்குப் போனால்.

சந்தனமாரிக்குச் சொந்த வீடு.

இவள் எதிர்க்கடையை நிமிர்ந்து பார்த்தாள்.

வாழையிலைக் கட்டுகள் வழக்கம்போல நனைந்து கிடந்தன. சுவரில் அம்மன் படத்தைக் காணோம். படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கீழே விளக்கும் இல்லை.

சாமி போயாகிவிட்டது. சாமான்தான் பாக்கி.

ஊருக்கு நடுவே, மணிக்கூண்டை ஒட்டி, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய மார்க்கெட் இது. இரும்புத் தூணையும் உயரமான கூரையையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பார்கள். நகராட்சிக்கு மட்டும் இது இடிக்க வேண்டிய கட்டடம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டியாகிவிட்டது. எல்லோரும் அங்கே போக வேண்டுமாம்.

இவளைத் தவிர.

இவளுடைய வெற்றிலைக் கடை உள்வாடகைக் கடை. உரிமம் வேறொருவர் பேரில். புதுக் கட்டடத்தில் இவளுக்கு ஒரு முழ இடம் கிடையாது.

இந்த வரிசையில் பதினோரு கடைகள். ஒருவரும் நகராதவரைதான் இடிக்கக் கூடாதென்று வாங்கிய கோர்ட் தடை நிற்கும், ஒருவர் போனாலும் போச்சு என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

போன மாதம் பதினோரு பேரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். எரிகிற கற்பூரத்தில் முதலில் அடித்தது சந்தனமாரியின் கைதான். உனக்கு இல்லாத கடை எனக்கு எதற்கு என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மூன்று நாள் மருந்து தடவிவிட்டது இவள்.

கூட இருந்தே கழுத்தை அறுப்பது என்பார்களே, அது இப்படித்தான் சுடச்சுட டம்ளரில் வரும் போலிருக்கிறது.

டம்ளரை விசிறியடிக்கக் கை பரபரத்தது.

பொங்கின பாலைக் கொட்டக் கூடாது. அது யார் வீட்டுப் பாலாக இருந்தாலும்.

மீதியையும் குடித்தாள்.

சந்தனமாரி பேசத் தொடங்கினாள். நேற்றுத்தான் கெடு முடிந்ததாம். அதற்குள் புதுக்கடைச் சாவி வாங்காவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடுமாம். வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றாராம். அக்காவுக்கு எப்படியாவது ஒரு ஓரம் கேட்டு வாங்கித் தருவாளாம்.

எதுவும் இவள் காதில் ஏறவில்லை.

பால் காய்ச்சுகிற இடத்தில் தட்டு வைக்க வேண்டும். பழம், பாக்கு, மஞ்சள், எல்லாவற்றுக்கும் முன்னால் வெற்றிலை. சந்தனமாரி வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அது வேறு கடையிலிருந்து போனதில்லை. அவள் மகள் நிச்சயத்துக்கு, கிழிசல் ஒன்றுகூட இல்லாமல், கொழுந்தாகப் பொறுக்கி ஈரத்துணியில் சுற்றி இவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இந்த வாரம் சந்தனமாரி ஒரு வெற்றிலைகூடக் கேட்கவில்லை.

இவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏளா, தட்டுக்கு வெத்தல யார்ட்ட வாங்குன?"

அதுவரை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்த சந்தனமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.