மூலை போன கவர்கள்

"பொய் சொல்லாதே தாயம்மா. வெட்டினது நீதானே? ஆமான்னா இன்னியோட உனக்கு இங்க வேலை இல்லை."

மேனேஜர் ஸ்ரீநாத் ஸ்கேனருக்குப் போடுகிற மூன்று ரப்பர் கவர்களை மேசை மேல் எறிந்தார். மூன்றிலும் அடிப்பக்க மூலைகளைக் காணோம். அவருக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ்தான் வரும். இன்றைக்குத் தமிழே வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது அம்பத்தூரில் ஓர் ஆன்லைன் கம்பெனியின் குடோன். கையில் ஸ்கேனரோடு ரேக் ரேக்காக நடந்து சாமான் எடுக்கிற வேலை தாயம்மாவுக்கு. ஐம்பதை நெருங்கிவிட்டாள். இதை விட்டால் அவளை யார் வேலைக்கு வைப்பார்கள்?

"நா எங்க சார் வெட்டுனேன்? தானா பிஞ்சிகினு வந்துச்சு" என்றாள் சுவரில் சாய்ந்துகொண்டு. "இன்னா ரப்பரோ, இன்னா கவரோ. எவ செஞ்சாளோ."

"நான்தான் செஞ்சேன்" என்றாள் மேனேஜருக்கு எதிரே இருந்த கிருஷ்ணப்பிரியா.

அவளுக்குச் சுருக்கென்றது. பூந்தமல்லியில் தன் சின்னப் பட்டறையில் நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த கவர் அது. மொட்டை மாடியிலிருந்து சிமென்ட் தரையில் இருநூறு தடவை போட்டுப் பார்த்துத்தான் கொடுத்திருந்தாள்.

"மேடம், தானா கிழிஞ்சிருந்தா மொத்தக் கவரையும் நீங்க திருப்பி எடுத்துக்கணும்" என்றார் ஸ்ரீநாத். பிறகு தாயம்மா பக்கம் திரும்பினார். "சாயாம நில்லு."

தாயம்மா நிமிர்ந்தாள். உடம்பை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டாள்.

கிருஷ்ணப்பிரியா ஒரு கவரை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். "கிழிஞ்சா இப்படிக் கோடு போட்ட மாதிரி வராது சார். அட்டைப்பெட்டி பிரிக்கிற பிளேடால வெட்டியிருக்காங்க. அதுவும் மூலையை மட்டும். மூலை இல்லாம விழுந்தா ஸ்கேனர் பொழைக்காதுன்னு தெரிஞ்சே செஞ்சிருக்காங்க."

தாயம்மா அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டியா?" ஸ்ரீநாத் மேசையைத் தட்டினார். "முன்னாடி தினம் ஏழெட்டு ஸ்கேனர் விழுந்து உடையும். வேற ஒண்ணு ரெடி பண்ணிக் கொடுக்க ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் போயிடும். மேடம் கவர் வந்து ரெண்டு மாசமா ஒண்ணுகூட உடையலை. இந்த வாரம் மூணு, மூணும் உன் கையில. எவன் சொல்லி வெட்டினே? வேற கவர் கம்பெனிக்காரனா?"

"எவனும் சொல்லல. நாந்தான் வெட்டுனேன். இன்னா இப்போ?"

"ஐடி கார்டை வெச்சுட்டுக் கிளம்பு."

தாயம்மா கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி மேசையில் போட்டாள். அவரிடம் கெஞ்சவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று கிருஷ்ணப்பிரியாவுக்குத் தெரிந்தது. மனசுதான் ஆறவில்லை. வாசல் வரை போனவளை வழிமறித்தாள்.

"ஏம்மா, உங்க கைக்கு வலிக்கக் கூடாதுன்னு கிராம் கிராமா எடையைக் குறைச்சு செஞ்சேன். எத்தனை தடவை விழுந்தாலும் உடையாதபடி செஞ்சேன். என் கவர் உங்களுக்கு அப்படி என்ன கெடுதல் பண்ணுச்சு?"

தாயம்மா செருப்பை மாட்டப் பார்த்தாள். வீங்கின கால் உள்ளே நுழையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"மிசின் உடஞ்சா மட்டுந்தாம்மா எங்கள உக்கார உடுவாங்க."