சீட்டிக்கு இறங்கும் புறா

புறா வந்துவிட்டது.

கூண்டின் தகரக் கூரை மேல் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. காலில் பந்தய ரப்பர் வளையம் அப்படியே இருந்தது.

கொல்லையில் நாற்காலியில் கிடந்த சூசைமாணிக்கம் சட்டென்று தலையை நிமிர்த்தினார். விடியற்காலை விஜயவாடாவில் திறந்துவிட்ட புறா. சாயங்காலம்தான் வரும் என்றிருந்தால் மதிய வெயிலில் வந்து நிற்கிறது. காலையிலிருந்து தெற்கே சிப்காட் ஆலைகளின் ரசாயன நெடி அடிக்காதபோதே அவருக்குச் சந்தேகம்தான். காற்று வடக்கிலிருந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது.

கடலூர் முதுநகரில் புறா விடுகிறவர்களிலேயே மூத்தவர் அவர். சுனாமியில் அத்தனை புறாவும் கூண்டோடு போன பிறகாவது புத்தி வந்ததா என்றால், இல்லை. கூடூர் பந்தயம் ஜெயித்தார், ஓங்கோல் ஜெயித்தார். விஜயவாடா மட்டும் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கைக்கு வரவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் மகன் சென்னைக்கு அழைத்துப் போய்விடுவான். அவன் இருக்கிற அடுக்குமாடியில் புறாவுக்கு ஏது இடம்? ஆக, இதுதான் கடைசி.

கூரையில் உட்கார்ந்தால் கணக்கில் வராது. புறா கூண்டுக்குள் இறங்க வேண்டும். ரப்பரைக் கழற்றிப் பந்தயக் கடிகாரத்துக்குள் போட வேண்டும்; அப்போதுதான் வந்த நேரம் பதிவாகும். கடிகாரம் பக்கத்து ஸ்டூலில் தயாராக இருந்தது.

சூசைமாணிக்கம் இடது கையை வாயருகே கொண்டுபோய், உதட்டைக் குவித்து ஊதினார்.

வெறும் காற்றுதான் வந்தது.

சரி, அவசரப்பட்டால் அப்படித்தான். எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி ஊதினார். மறுபடியும் காற்று. புறா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன தீபாவளிக்கு வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிக்கொண்டு பேச்சு குழறியது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். ஆனால் சீட்டி மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலமே உதட்டைக் குவித்தார், சீட்டி கேட்டது, புறாக்கள் பொலபொலவென்று இறங்கின. அதிலிருந்து தினமும் அப்படித்தான். சீட்டி இருக்கிறதல்லவா, கையும் காலும் தன்னால் வந்துவிடும் என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் குழறிக் குழறிச் சொல்வார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் மனுஷன் மாத்திரையே விழுங்கினார்.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா கைவிட வேண்டும்?

தீனி டப்பாவை எடுத்து ஆட்டினார். வீண் வேலை என்று அவருக்கே தெரியும். தானியத்தை இறைத்துக் கண்டவனும் அடுத்தவன் புறாவைப் பிடித்துக்கொண்டு போகிற ஊர் இது. அதனால் தன் புறாக்களைத் தீனிக்கு மசியாமல், சீட்டிக்கு மட்டுமே இறங்கும்படி பழக்கிவைத்திருந்தார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை வேறு.

பெண்சாதி சவரிமேரியாவது வீட்டில் இருந்தால் ஒரு வாய் வெந்நீர் கொடுப்பாள், உதடு இளகும். அவளுடைய தங்கச்சி மகளுக்குச் சிதம்பரத்தில் வளைகாப்பு. பந்தய நாளில் போக மாட்டேன் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். "நீ இருந்து என்னா பண்ணப் போற, போயிட்டு வா" என்று இவர்தான் விரட்டினார். நாலு மணிக்குள் வந்துவிடுவேன் என்று அரை மனதாகக் கிளம்பிப் போனாள்.

ஊதினார். ஊதினார். தலை கிறுகிறுத்தது. கோணிய பக்கத்தில் எச்சில் வழிந்து சட்டை நனைந்தது.

செல்போன் அடித்தது. புறாப் பந்தயச் சங்கத்துச் செயலாளர் சபாபதி.

"மாமா, தேவனாம்பட்டினத்துல பழனிவேலு இப்பதான் ரப்பர் போட்டாராம். ஒங்களுக்கு எதுனா வந்துச்சா?"

சூசைமாணிக்கம் கூரையைப் பார்த்தார். புறா கழுத்தைச் சாய்த்து, அவருக்குப் பின்னால் இருந்த அடுப்படி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் வரலப்பா" என்றார்.

போனை வைத்ததும் கண் கலங்கிவிட்டது. இனி ஊதினால் என்ன, ஊதாவிட்டால் என்ன. துண்டை எடுத்து வாயை அழுத்திப் பொத்திக்கொண்டார். எழுபது வயதுக்கு மேல் ஒரு புறாவுக்காக அழுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சவரிமேரிதான். விருந்துகூடச் சாப்பிடாமல் ஓடிவந்திருக்கிறாள் போல.

அப்போது சீட்டி வந்தது.

இரண்டு வெட்டு, ஒரு நீண்ட இழுப்பு. அவருடைய சீட்டி. புறா சட்டென்று கூண்டுக்குள் இறங்கியது.

அவர் வாயில் துண்டு இருந்தது.

சீட்டி அடுப்படி ஜன்னலிலிருந்து வந்தது. தினமும் அவர் கூண்டுப் பக்கம் வந்து உட்காரும்போது, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி அவள் போய் நிற்கும் இடம் அது. பின்னாலிருந்து பார்க்கிறவளுக்கு அவர் கை வாயருகே போவது மட்டும்தான் தெரியும். இப்போதும் அதைத்தான் பார்த்திருப்பாள்.

ஆக, தீபாவளியிலிருந்து ஒருநாள்கூட அவர் சீட்டி அடிக்கவில்லை. வாதம் எதையும் மிச்சம் வைக்கவில்லை. கையும் வராது, காலும் வராது.

கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் நகர்ந்தது.

சூசைமாணிக்கம் அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டை மடியில் போட்டார். உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டார்.

"தெருமொனைக்கே கேட்டுதுங்க ஒங்க சீட்டி" என்றபடி வந்தாள் சவரிமேரி.