மூன்று பேருக்கு ஒரு பூசை

“சைல்டு மூணும் செத்துடுச்சு சார். பேரன்ட் மட்டுந்தான் உயிரோட இருக்கு.”

மரிய அருள் போனில் சொன்னது பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி காதில் விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில், “மரிய அருளின் மூன்று பிள்ளைகளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்று ஃபாதர் வாசித்தார். அருளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடலூருக்குக் குடிவந்து இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத தெரு, கோயில் வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

“எப்படிப்பா தாங்குற? இனிமே சாப்பாடு நம்ம வூட்லதான்” என்றாள் பாக்கியமேரி.

செத்தது கம்பெனியின் வெப் ப்ராக்சி சர்வரில் ஓடும் புரோகிராம்கள். பேரன்ட் என்கிற தாய்ப் புரோகிராம் கிளப்பிவிடும் இவற்றுக்குச் சைல்டு ப்ராசஸ் என்று பெயர். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. சொல்லிவிடத்தான் வாயெடுத்தான்.

“புள்ளைங்க பேரு என்னப்பா?”

“மூத்தவ கிரேசி” என்று ஆரம்பித்தான் அருள்.