சந்தைத் திடலில் ஒரு வண்டி

மழை விட்ட சந்தைத் திடலில், பலகை மேடைமேல் ஓட்டுப் பதிகிற எழுத்தர் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஊரில் ஓட்டை வாயால்தான் சொல்ல வேண்டும், எல்லார் காதிலும் விழும்படி. இந்தப் பார்லிமென்ட் தொகுதி மூன்று தலைமுறையாக ஹாலிங்டன் குடும்பத்து லாயத்தில் கட்டிய குதிரை. அவர்கள் நிலத்துக் குத்தகைக்காரர்கள் ஒவ்வொருவராக மேடை ஏறி, கீழே குதிரைமேல் இருக்கும் சர் ஜெர்வாஸ் ஹாலிங்டனுக்குத் தொப்பியைக் கழற்றி, அவர் பெயரைச் சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். அடுத்த குத்தகைக்காரன் ஜோசையா பென்ஃபோல்டு ஏறுகிறான். தொப்பி தலையிலேயே இருக்கிறது. அவன் வாய் திறக்குமுன்பே எழுத்தர் சர் ஜெர்வாஸ் பெயரை எழுதி முடித்து மையை ஊதுகிறார். “அதை அடிச்சிடுங்கய்யா,” என்கிறான் ஜோசையா. “என் ஓட்டு எதிர்த்து நிக்கிற தோல் வியாபாரி ஹாப்வுட்டுக்கு.” கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்கிறது. மேடையோரம் நிற்கும் சர் ஜெர்வாஸின் பண்ணைக் காரியஸ்தர் முகம் சிவந்து கத்துகிறார். “யாரு நெலத்துல பொழைக்கிறேன்னு மறந்துபோச்சாடா? நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு!” “காலி பண்ணியாச்சுங்க.” அவன் கை நீட்டிய பக்கம் எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. தேவாலயச் சுவரோரம் ஒரு வண்டி. கட்டில், கவிழ்த்த பால்வாளிகள், கூண்டில் கோழிகள். அத்தனைக்கும் மேலே அவன் மனைவி டோர்கஸ், மடியில் சுவர்க்கடிகாரத்தைப் பிடித்தபடி. காலையிலிருந்து வண்டி அங்கேதான் நிற்கிறது. சந்தைக்குச் சரக்கு கொண்டுவந்த வண்டி என்றே நினைத்திருந்தோம். வீட்டுச் சாவியைக் காரியஸ்தரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஜோசையா போய் வண்டிக் குதிரையின் கடிவாளத்தைப் பிடிக்கிறான். கூட்டம் விலகி வழிவிடுகிறது. காலையெல்லாம் சர் ஜெர்வாஸுக்காகக் கழன்ற தொப்பிகள், வண்டி போகும் வழியில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாகக் கழல்கின்றன.