மூச்சுச் சத்தம்

நஞ்சன்கூட்டிலிருந்து ஹெப்பாள் போகும் ஃபேக்டரி பஸ்ஸில், வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த சந்துரு, பக்கத்து சீட்டு உமேஷின் காதில் இயர்போனைச் செருகினான்.

"பாடகி சௌம்யாவோட பழைய பாட்டு. எங்கயாச்சும் மூச்சு விடுறாளா பாரு. அத்தனையும் கம்ப்யூட்டர் குரல், குரு!"

"அவளே பாடினதுதான். மூச்சையெல்லாம் மியூசிக் கம்பெனிக்காரங்க துடைச்சு எடுத்துட்டாங்க."

"நீ ஒருத்தன்! அவனுங்க நம்ம தலையில மிளகாய் அரைக்கிறானுங்க, நீ அம்மி எடுத்துக் கொடுக்கிற."

ஒரே ஒருத்தனாவது அதை அவள் குரலென்று நம்ப மாட்டானா என்று உமேஷுக்கு ஏக்கம். யூடியூப் கமெண்டில் இதே சண்டையைத் தினமும் போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தான்.

"இப்ப நேத்து வந்த பாட்டைக் கேளு. வரிக்கு வரி மூச்சு வாங்குது, சரணத்துல தொண்டை கம்முது. இதான் குரு நிஜ மனுஷி!"

உமேஷ் இயர்போனைக் கழற்றிக் கொடுத்தான்.

"ஏன்? அவளைத் தெரியுமா உனக்கு?"

"என் தங்கச்சி."

"ஐயோ, சாரி குரு! இனிமே இப்படியே பாடச் சொல்லு."

"பழசுதான் அவ பாடினது. இது மியூசிக் கம்பெனி கம்ப்யூட்டர்ல செஞ்சது. போன தசராவுக்கு முன்னாடியே அவளை எரிச்சுட்டு வந்துட்டோம்."

சந்துரு இயர்போனை மாட்டி, கண்ணை மூடி, இன்னொரு தடவை கவனமாகக் கேட்டான்.

"சும்மா சொல்லாதே குரு. மூச்சு விடுறாளே!"