ஏழாம் நம்பர் ஐஸ் பெட்டி

"நீ எழுதுறத எவன்பா படிக்கிறான்?"

சுப்பராயன் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. காசிமேடு ஐஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். எதையுமே குளிர்ச்சியாகத்தான் கேட்பார். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த நிதிஷ், அவர் மகள் நர்மதாவைப் பெண் கேட்டு வந்தவன். கையில் முறுக்கு, மடியில் லேப்டாப் பை.

"எங்க கம்பெனில ஒரு சாஃப்ட்வேர் கீது அங்கிள். ஹார்பர் உள்ள வர்ற லாரிங்க மாதிரி தகவல் நிக்காம வந்துகினே இருக்கும். அது வர வரவே பாத்து, எதுனா கோளாறுன்னா உடனே சொல்லும்."

"அத நீ செஞ்சியா?"

"இல்ல, செஞ்சவங்க வேற. அத எப்டி ஓட்டணும்னு மத்த ப்ரோக்ராமருங்களுக்கு நான் எழுதுறேன். அவங்க உள்ள மாத்த மாத்த, நானும் அப்டேட் பண்ணிகினே இருப்பேன்."

"மிக்சி வாங்குனா கூடவே ஒரு புக்கு குடுப்பானே, அதா?"

"அதேதான் அங்கிள்."

"அத நான் அட்டப்பொட்டியோட சேத்துக் கடாசிடுவேன்."

நர்மதா டீ கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் வைத்த சத்தத்திலேயே, ஒழுங்காகப் பேசு என்று அப்பாவுக்கு ஒரு கட்டளை இருந்தது.

"தப்பா எடுத்துக்காத நைனா," என்றார் சுப்பராயன். "சம்பளம் வருதுன்ற, சரி. நாளைக்கு சொந்தக்காரன் எவனாவது, மாப்ள இன்னா பண்றான்னு கேட்டா, எவனுமே படிக்காத புக்கு எழுதுறான்னா சொல்ல முடியும்? அதனால இந்தப் பேச்ச இத்தோட..."

அவருடைய போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். முகம் முதல் முறையாகச் சூடேறியது.

"பாரு, மறுபடியும். பத்து நாளா இதே பேஜாரு." போனை நீட்டினார். "ஏழாம் நம்பர் ஐஸ் பெட்டி சூடாயிடுச்சாம். மொத நாளு லுங்கியோட ஃபேக்டரிக்கு ஓடுனேன். நம்மகிட்ட பொட்டியே ஆறுதான். கீழ ஊர் பேரு வேற போட்டு கீது. நேத்து நைரோபி, இன்னிக்கு லிஸ்பன். எவனோ என் நெம்பர எங்கியோ போட்டு வெச்சிகீறான். கைல கெடச்சான்னா, கிரஷர்ல வுட்டுப் பொடி ஐஸா அரைச்சு நண்டு மேல கொட்டிடுவேன்."

நிதிஷ் மெசேஜைப் படித்தான். வாயில் இருந்த முறுக்கை மெல்வதை நிறுத்தினான்.

"நான் நிறுத்தட்டா அங்கிள்?"

"உன்னால ஆவுமா?"

நிதிஷ் லேப்டாப்பைத் திறந்து தட்ட ஆரம்பித்தான். டீ ஆறி ஆடை கட்டியது. நடுவில் போன் இரண்டு முறை சிணுங்கியது. அப்புறம் இல்லை. சுப்பராயன் போனைக் குலுக்கிக்கூடப் பார்த்தார். சத்தமே இல்லை.

"கில்லாடிதான்பா நீ," என்றார். "நர்மதா, அந்தக் காலண்டர எடுத்துகினு வா. நல்ல நாள் எப்பன்னு பாக்கலாம்." பிறகு நிதிஷ் பக்கம் திரும்பினார். "ஆமா, யாரு அந்தக் கசமாலம்? கண்டுபுடிச்சியா?"

நர்மதா காலண்டரோடு சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். ஒரு பொய் போதும், இந்த மாதமே முகூர்த்தம். நிதிஷுக்கும் அது தெரிந்தது. ஆனால் இந்த வீட்டுக்கு ஆயுசு முழுக்க வந்து போக வேண்டும் என்பதும் தெரிந்தது.

"நான்தான் அங்கிள்."

அறை ஐஸ் ஃபேக்டரி ஆனது.

"நான் எழுதுற பக்கத்துல ஒரு உதாரணம் வெக்கணும், ஐஸ் பெட்டி சூடாவுற மாதிரி வெச்சேன். படிக்கிறவங்க அங்கியே பட்டன அமுக்கி ஓட்டிப் பாப்பாங்க, அவங்க ஊர் பேரும் மெசேஜ்ல வந்துடும். சூடு ஏறுனா மெசேஜ் போறதுக்கு ஒரு நெம்பர் வேணும். கை தானா உங்க நெம்பர அடிச்சிடுச்சு. நான் கவனிக்கல. இப்பதான் எடுத்தேன்."

"என் நெம்பர் உன் கைக்கு எப்டித் தெரியும்?"

"பொண்ணு கேக்கறதுக்கு மூணு வருஷமா டயல் பண்றேன் அங்கிள். கடைசி நெம்பர்கிட்ட வந்து கட் பண்ணிடுவேன்."

நர்மதா காலண்டரால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சுப்பராயன் போனை எடுத்து மெசேஜ்களை விரலால் தள்ளினார். லிஸ்பன், நைரோபி, வாயில் நுழையாத இன்னும் பல ஊர்கள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

"அப்போ இது ஒவ்வொண்ணும், நீ எழுதுனத எவனோ ஒருத்தன் படிச்சிட்டு பட்டன அமுக்குனதா?"

"ஆமா அங்கிள்."

அவர் இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிறகு போனைத் துண்டால் துடைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என் நெம்பர திரும்பப் போடு," என்றார் குளிர்ச்சியாக. "கல்யாண மண்டபத்துல எவனாவது மாப்ள இன்னா பண்றான்னு கேப்பான். அப்போ இது அடிக்கணும்."